உழைப்பு ஒரு வருஷம், கூலி வேறொரு வருஷம்

இரண்டு நாவல் வெளிவந்துவிட்டது, மூன்றாவது பாதியில் நிற்கிறது, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத உட்காரலாமா, எழுதிப் பிழைப்பவர் வாழ்க்கையில் ஏற்ற இறக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: முதல் நாவல் வந்தபோது இருந்த சந்தோஷம் இரண்டாவதுக்கு இல்லை, இது எனக்கு மட்டும்தானா? நான் புரிந்துகொண்டவரை, பணம் வருமா என்பது பாதிக் கேள்விதான். பணமும் மனசும் சேர்ந்து கீழே இறங்கும் மாதங்களில் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதுதான் உங்கள் முழுக் கேள்வி. நான் பல வருஷமாக நாவல், மொழிபெயர்ப்பு, அடுத்தவர் கையெழுத்துப் பிரதியைச் செம்மையாக்குவது என்று எழுத்தைச் சுற்றியே பிழைப்பு நடத்துகிறவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பாடநூல், திரைக்கதை, குழந்தைகள் புத்தகம் ஆகியவற்றின் கணக்கு வேறு. அவற்றுக்கு அந்தத் துறையில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

ஏற்ற இறக்கம் என்றதும் புத்தகம் ஓடுவது, ஓடாமல் போவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் இந்தத் தொழிலில் ஆளைப் படுத்தி எடுப்பது நடுவில் விழும் இடைவெளிதான். எழுதுவது ஒரு வருஷம், அது புத்தகமாவது இன்னொரு வருஷம், காசு வருவது அதற்கும் பிறகு, யாரோ ஒருவர் படித்துவிட்டு நாலு வார்த்தை சொல்வது எப்போது என்று சொல்லவே முடியாது. மாதச் சம்பளத்தில் இந்த மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கும்: வேலை செய்கிறோம், முப்பது நாளில் கூலி வருகிறது, மேலதிகாரி நல்லதோ கெட்டதோ ஒன்று சொல்லிவிடுகிறார். எழுத்தில் மூன்றும் தனித்தனியே, ஒன்றையொன்று பார்க்காமல் வரும். நீங்கள் கேட்ட ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

கிட்டப் போய்ப் பார்த்தால் இப்படி இருக்கும். நாவலை முடித்துப் பதிப்பகத்துக்கு அனுப்புகிறீர்கள். அன்று தரையில் கால் பாவாது. அப்புறம் மூன்று நாலு மாதம் சத்தமே இருக்காது. சும்மா இருக்க முடியாமல் அடுத்த நாவலைத் தொடங்குகிறீர்கள். அதன் ஆட்கள் மனசுக்குள் வந்து உட்காரும் நேரம் பார்த்து, பழைய நாவல் பதிப்பாசிரியரின் குறிப்புகளோடு திரும்பி வருகிறது. பதினேழாம் அத்தியாயத்தில் இந்தப் பெண் ஏன் கடிதத்தைக் கிழிக்கிறாள், காரணம் போதவில்லையே என்று ஓரத்தில் எழுதியிருக்கும். நீங்கள் அவளையே மறந்துபோயிருப்பீர்கள். எப்படியோ திருத்தி அனுப்பினால் மெய்ப்பு வரும், அதாவது அச்சுக்குப் போகும்முன் நாம் பிழை பார்க்க வேண்டிய தாள்கள். முதல் மெய்ப்பில் எழுத்துப்பிழை கண்ணில் படும். இரண்டாவதில் ஒரே பத்தியில் ‘மெல்ல’ மூன்று முறை வந்திருப்பது தெரியும். மூன்றாவது வரும்போது கதை முழுக்கவே அபத்தமாகத் தெரியும், இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று தோன்றும். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த எழுத்தாளர்கள் அத்தனை பேருக்கும் மூன்றாம் மெய்ப்பில் இந்தக் காய்ச்சல் வந்திருக்கிறது. புத்தகத்தின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் முடிந்து புத்தகம் கையில் வரும்போது நீங்கள் வேறொரு கதைக்குள் இருப்பீர்கள். எல்லாரும் வந்து கை குலுக்குவார்கள். உள்ளுக்குள் ஒன்றும் பெரிதாக அசையாது. உங்கள் கடைசி வரிக்கு என் பதில் இதுதான்: உங்களுக்கு மட்டும் இல்லை. முதல் நாவல் வந்தபோது பின்னால் வேறு எதுவும் காத்திருக்கவில்லை, முழு மனசும் அதன்மேல் இருந்தது. இரண்டாவது வரும்போது மூன்றாவது தொடங்கியிருந்தது. சந்தோஷம் குறைந்துவிடவில்லை, நாவலை எழுதி முடித்த அன்று ராத்திரியே அதை அனுபவித்து முடித்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கே நிச்சயமாகத் தெரிந்ததை நிச்சயமாகவே சொல்லலாம். ராயல்டி, அதாவது விற்ற பிரதிகளுக்காக எழுத்தாளருக்கு வரும் பங்கு, அதன் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ வருஷத்துக்கு ஒருமுறையோதான் போடுவார்கள். கணக்கு முடிந்து பணம் கைக்கு வர இன்னும் சில மாதம் ஆகும். விற்காத பிரதிகளைக் கடைகள் திருப்பி அனுப்பும் வழக்கம் இருந்தால், அதற்காக ஒரு பங்கைப் பதிப்பகம் பிடித்துவைத்துக்கொள்ளும். முன்பணம் வாங்கியிருந்தால், அது கழிந்த பிறகுதான் அடுத்த காசு. இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. புத்தகத்தின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், ராயல்டி 10 சதவீதம். அட்டையில் போட்ட விலைக்கு 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 10 வரும். பதிப்பகத்துக்கு வந்துசேரும் தொகையில் 10 சதவீதம் என்றால், கடைக்கு 40 கழிவு போக மீதி 60, அதில் உங்களுக்கு 6. முன்பணம் 10,000 வாங்கியிருக்கிறீர்கள், 1,200 பிரதி விற்றது என்றால், முதல் ஒப்பந்தப்படி உங்களுக்கு மேற்கொண்டு 2,000 வரும். இரண்டாவதில் 2,800 பாக்கியில் நிற்பீர்கள். ஒரே புத்தகம், ஒரே விற்பனை. அந்தப் பாக்கியைப் பொதுவாகத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். ஆனால் அடுத்த புத்தகத்தின் ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எங்காவது ஒளிந்திருந்தால் கண்டிப்பாகக் கழிப்பார்கள். அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். கேட்டால் எடுக்கிறவர்கள் நிறைய பேர், கேட்கத்தான் ஆள் இல்லை.

வருமானம் மொத்தத்தில் எப்படி என்றால், பிரிட்டனில் எழுத்தாளர்களிடையே எடுத்து 2022ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். உழைக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுத்துக்கே செலவிடுகிறவர்களுக்கு எழுத்திலிருந்து வரும் இடைநிலை வருமானம் அதில் வருஷத்துக்கு 7,000 பவுண்டு. இதேபோல் 2006ல் எடுத்தபோது 12,330 பவுண்டு. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கும் கீழே இருக்கிறார்கள். புத்தகச் சந்தை அவ்வளவு பெரிதாக இருக்கும் ஒரு நாட்டிலேயே இதுதான் நிலைமை. அதனால் முழுநேர எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளும் பெரும்பாலானவர்கள், என்னையும் சேர்த்து, முழுநேர நாவலாசிரியர்கள் கிடையாது. மொழிபெயர்ப்பு, பத்தி, பயிலரங்கு, செம்மையாக்கம் என்று நாலு இடத்தில் வாங்கி நாவலுக்குப் போடுகிறவர்கள். இதில் அவமானப்பட ஒன்றும் இல்லை, ஆனால் வேலையை விட்டால் நாள் முழுக்க நாவல் எழுதலாம் என்ற கணக்கு மட்டும் தப்பாகிவிடும். வேலையை விட்டவருக்கு நாவலுக்கென்று மிஞ்சும் நேரம் வேலையில் இருந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சில வருஷம் அதுவும் இருக்காது.

இடைவெளி ஒருவரை எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முதல் நாவல் 1811ல் வந்தது. அச்சுச் செலவில் நஷ்டம் வந்தால் தன் தலையில், லாபம் வந்தால் தனக்கு என்ற ஏற்பாடு. அதன் முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்து 140 பவுண்டு லாபம் நின்றது 1813ல். அதற்குள், 1812 கடைசியில், இரண்டாவது நாவலான ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ உரிமை முழுவதையும் 110 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் கேட்டது 150. அந்த நாவல்தான் 1813 ஜனவரியில் வந்து அதே வருஷம் இரண்டாம் பதிப்பும் கண்டது, இருநூறு வருஷம் தாண்டியும் விற்றுக்கொண்டிருக்கிறது. மேற்கொண்டு அவருக்கு அதில் ஒன்றும் வரவில்லை. பேராசையோ அசட்டுத்தனமோ இதில் இல்லை. முதல் புத்தகம் லாபமா நஷ்டமா என்று தெரிவதற்குள் இரண்டாவதுக்கு விலை சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் இதே இக்கட்டு இருக்கிறது. ஆகவே மொத்தமாக ஒரு தொகை, எல்லா உரிமையும் எங்களுக்கு என்று யாராவது வந்தால், கையில் காசில்லாத மாதத்தில் பதில் சொல்லாதீர்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். விற்பனை வருஷத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே போனால் உரிமை எனக்கே திரும்ப வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள். ‘அச்சில் இல்லாதபோது’ என்று மட்டும் இருந்தால் போதாது. மின்னூல் ஒன்று எங்காவது கிடந்தால்கூடப் புத்தகம் விற்பனையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வரும் நாளில் சம்பாதித்த பணம் போலத் தெரியும், உண்மையில் இனி செய்ய வேண்டிய வேலைக்கு வாங்கிய கடன். ருஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி கடன்காரர்களிடமிருந்து தப்பிக்க ஒரு பதிப்பாளரிடம் கையெழுத்துப் போட்டார். 1866 நவம்பர் 1ஆம் தேதிக்குள் புது நாவல் வராவிட்டால், அடுத்த ஒன்பது வருஷம் அவர் எழுதுவதையெல்லாம் பதிப்பாளர் காசு கொடுக்காமல் அச்சிட்டுக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. அக்டோபர் வரைக்கும் ஒரு வரி எழுதவில்லை. சுருக்கெழுத்து தெரிந்த ஓர் இளம்பெண்ணை வைத்துக்கொண்டு 26 நாளில் சொல்லிச் சொல்லி எழுதி முடித்தார், அடுத்த வருஷம் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். கதையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கெடு நெருக்கினால்தான் எழுத்து வரும் என்று இதை வைத்துப் பேசுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. அதே கெடுவில் எழுத முடியாமல் முடங்கிப்போனவர்கள் யாரும் கதையாகச் சொல்லப்படுவதில்லை.

வேலையை எப்போது விடலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆள் ஆங்கில எழுத்தாளர் ஆந்தனி டிரோலப். 1834ல் தபால் துறையில் சேர்ந்தார், முதல் நாவல் 1847ல் வந்தது, வேலையை விட்டது 1867ல். அதற்குள் நாடறிந்த நாவலாசிரியர் ஆகிவிட்டிருந்தார். அறுபது வயதுவரை இருந்தால் கிடைக்கக்கூடிய ஓய்வூதியத்துக்குச் சமமான வருமானம், சேமிப்பிலிருந்து வரும்படி செய்த பிறகுதான் விடுவது என்று மனைவியோடு பேசி முன்பே முடிவு செய்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதிவிட்டுத்தான் ஆபீஸ் போவார். இதைப் படித்துவிட்டு இலக்கியம் என்ன கணக்குப்பிள்ளை வேலையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளிக்கட்டும். நாவலை எழுத வேண்டிய அதே மனசுதான் வீட்டு வாடகையைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது, அதை முதலிலேயே தீர்த்துவைத்தவர் அவர். மறுபக்கமும் இருக்கிறது. பிராக் நகரத்து எழுத்தாளர் காஃப்கா 1908லிருந்து 1922வரை விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தார், ராத்திரியில் எழுதினார், அந்த அலுவலகம் தன்னைத் தின்கிறது என்று நாட்குறிப்பில் புலம்பிக்கொண்டே இருந்தார். ஆகவே வேலை ஓசியாகக் கிடைக்கும் பாதுகாப்பு இல்லை, அதற்கும் ஒரு விலை இருக்கிறது. எந்த விலை உங்களுக்குக் கட்டுபடியாகும் என்பதை என்னால் சொல்ல முடியாது. உங்கள்மேல் எத்தனை பேர் சாய்ந்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

இனி வரப்போகும் ஒரு சரிவைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் அதை யாரும் பேசுவதில்லை. முதல் புத்தகத்துக்குப் புதியவர் என்ற கவனம் கிடைக்கும். மூன்றாவது, நான்காவது புத்தகத்தில் அது இருக்காது, பெரிய பெயரும் இன்னும் வந்திருக்காது. எத்தனை பிரதி அச்சிடுவது என்பதை முந்தைய புத்தகம் எவ்வளவு விற்றது என்று பார்த்துத்தான் பதிப்பகம் முடிவு செய்யும். முந்தையது மந்தம் என்றால் இது குறைவாக அச்சாகும், குறைவான கடைக்குப் போகும், குறைவாக விற்கும். அதைக் காட்டி அடுத்தது இன்னும் குறையும். எழுத்து மெருகேறிக்கொண்டே போகும்போது எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருவது சாதாரணமாக நடக்கிறது. கூடவே இன்னொன்று: உங்கள் நாவலை விரும்பி எடுத்த பதிப்பாசிரியர் நடுவில் வேறு இடத்துக்குப் போய்விடுவார். வந்து உட்காருகிறவருக்கு அது யாரோ விட்டுப்போன வேலை. கெட்ட எண்ணம் ஏதும் இருக்காது, ஆனால் கூட்டங்களில் உங்கள் புத்தகத்துக்காகப் பேச ஆள் இருக்காது. இது எனக்கு நடந்திருக்கிறது, தெரிந்தவர்கள் பலருக்கும் நடந்திருக்கிறது. செய்யக்கூடியது ஒன்றுதான்: புதியவரோடு உடனே உட்கார்ந்து பேசி, அட்டை, வெளியீட்டு மாதம், யாருக்கெல்லாம் பிரதி அனுப்புவது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மனசு சம்பந்தப்பட்டதில் விமர்சனம் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. திட்டு வாங்கினால் இரண்டு நாள் வலிக்கும், மூன்றாம் நாள் அதில் ஒரு வரி நியாயமாகக்கூடப் படும். மௌனம்தான் கஷ்டம். புத்தகம் வந்து ஆறு வாரம் கழித்து ஒரு காலம் வரும், நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அதே வாரத்தில் கூட எழுத வந்த நண்பருக்கு ஏதாவது பரிசு அறிவிப்பார்கள். வாழ்த்துச் செய்தி தட்டும்போது வயிறு எரியும். எரிவது இயல்பு, வாழ்த்தை அனுப்பிவிடுங்கள், நட்பு மிஞ்சும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், எழுதுவது சரி, வேறென்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டால் போதும், நான் மொழிபெயர்க்கிறேன் என்று சொல்லிவிடுவேன், ஏனோ அது மட்டும் வேலையாகத் தெரிகிறது. முதுகுவலி, கண்ணெரிச்சல் எல்லாம் வரும், நல்ல நாற்காலி வாங்குங்கள்.

ஏற்றம் என்று எதைச் சொல்வது? விருது மேடையை நான் சொல்லமாட்டேன், அதில் பாதி நேரம் சட்டை கசங்குமோ என்ற கவலையிலேயே போகிறது. இடைவெளி நமக்குச் சாதகமாகத் திரும்பும் நாட்கள் உண்டு. எப்போதோ எழுதி, விற்காமல், நாமே மறந்துபோன புத்தகத்தைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர் கடிதம் எழுதுவார், நாம் எழுதும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்த ஒரு சின்ன இடத்தைக் குறிப்பிட்டு. அல்லது பழைய நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பு உரிமைக்கு எதிர்பாராமல் ஒரு தொகை வரும், அந்த மாதம் ஒரு வரி எழுதாமலே வண்டி ஓடும். மூன்று வாரமாக நகராத அத்தியாயம் ஒரு காலையில் தானே திறந்துகொள்ளும்போது மணி பார்க்கத் தோன்றாது. கடைசியில் சொன்ன இதற்கு மட்டும் காத்திருப்பு கிடையாது, கூலி அன்றன்றைக்கே. பல வருஷம் தொடர்ந்து எழுதுகிறவர்களைக் கவனித்தால், இந்த அன்றாடக் கூலி போதும் என்று இருப்பவர்கள்தான் அதிகம் எஞ்சியிருக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் தன் பெரிய நாவலான ‘மோபி டிக்’கை 1851ல் வெளியிட்டார், அது விலைபோகவில்லை, 1866லிருந்து 19 வருஷம் சுங்கத் துறையில் வேலை பார்த்தார், 1891ல் இறந்தார், உலகம் அவரைக் கண்டுகொண்டது 1920களில். அங்கீகாரம் அவ்வளவு தாமதமாகக்கூட வரும். அதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது.

சந்தேகமான விஷயங்களும் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்ததுபோல் சொல்ல விரும்பவில்லை. ஒரு புத்தகம் ஏன் ஓடுகிறது என்பது ஓடிய பிறகு எல்லாருக்கும் தெரியும், முன்னாலேயே சரியாகச் சொன்ன பதிப்பாளரை நான் சந்தித்ததில்லை. சமூக ஊடகத்தில் ஓயாமல் இருந்தால் விற்கும் என்பது சிலருக்குப் பலித்திருக்கிறது, அதைவிட அதிகம் பேருக்கு எழுதும் நேரத்தைத் தின்றதோடு சரி. எழுதித் தரும் எந்திரங்கள் வந்துவிட்டனவே என்று பயப்படுகிறார்கள். மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம் போன்ற கூலி வேலையை அது தொட ஆரம்பித்துவிட்டது, அதனால் நாவலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த உபவருமானம் சுருங்கலாம். நாவலையே எவ்வளவு தொடும் என்று இப்போது அடித்துச் சொல்கிறவர்களை நான் நம்பவில்லை.

உங்கள் விஷயத்தில் நான் சொல்லக்கூடியது இது. மூன்றாவது நாவலை வேலையில் இருந்துகொண்டே முடியுங்கள். பாதியில் நிற்கும் நாவலோடு வேலையை விட்டால், முதல் ஆறு மாதத்தில் அது முடிந்தே ஆக வேண்டும் என்ற பயம் கதைக்குள் வந்துவிடும். முடித்த பிறகு, இரண்டு வருஷச் செலவு தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு புத்தகம் எழுத்திலிருந்து காசாகத் திரும்ப ஏறக்குறைய அவ்வளவு ஆகும் என்பதால்தான் இரண்டு என்கிறேன். இல்லை என்றால் முழுசாக விடாமல் நாட்களைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று ஆபீஸில் கேளுங்கள். அதற்கு முன்னால் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு நாவல்களின் ராயல்டிக் கணக்கைப் பதிப்பகத்திடம் எழுதிக் கேளுங்கள்: எத்தனை அச்சிட்டார்கள், எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது, கிடங்கில் எத்தனை இருக்கிறது. அந்தத் தாள் வந்ததும் இன்னொரு கேள்வி போடுங்கள், எண்களை வைத்துக்கொண்டு பேசலாம்.